வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு கோத்திரங்களும் அவற்றின் கணக்கும்

கடந்த இதழில், மரணப்படுக்கையில் யாக்கோபு தன் குமாரர்களை ஆசீர்வதித்த பகுதியைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் குமாரர்களின் வழிவந்த இஸ்ரவேல் கோத்திரங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் பிற்கால நிலையையும் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்கள் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கேள்வி: யாக்கோபுக்குப் பன்னிரண்டு குமாரர்கள். அவர்களில் யோசேப்பின் இடத்தில் எப்பிராயீம், மனாசே என இருவரை வைத்தால் பதின்மூன்று ஆகிறது. ஆனாலும் வேதாகமம் முழுவதும் பன்னிரண்டு கோத்திரங்கள் என்றே சொல்லப்படுகிறது. கணக்கு எங்கே சரிசெய்யப்படுகிறது?

பதில்: ஆதியாகமம் 48-ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். எகிப்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் இருவரையும் அருகே அழைத்து, ரூபனும் சிமியோனும் எப்படியோ அப்படியே இவர்களும் என்னுடையவர்கள் என்று யாக்கோபு சொல்கிறார். இது வெறும் பாசப்பேச்சு அல்ல. பேரன்களைப் புத்திரராக ஏற்கும் சட்டபூர்வமான அறிவிப்பு. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு உண்டு என்பது உபாகமம் 21-இல் வரும் பிரமாணம். ரூபன் தன் தகப்பனுடைய மறுமனையாட்டி பில்காளிடம் போன குற்றத்தினால் அந்தச் சேஷ்டபுத்திரபாகத்தை இழந்தான். அது யோசேப்பின் குமாரருக்குப் போயிற்று. ஆளுகையோ யூதாவுக்குப் போயிற்று. 1 நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்கள் இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகின்றன. ஆகவே யோசேப்பு இரண்டு கோத்திரங்களானது, முதற்பேறானவனுக்குரிய இரட்டைப் பங்கு அவனுக்குக் கிடைத்தது என்பதன் இன்னொரு வடிவமே.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நிலத்தையோ போர்வீரரையோ கணக்கிடும் இடங்களில் லேவி விலக்கப்படுகிறான். எப்பிராயீமும் மனாசேயும் தனித்தனியே நிற்கிறார்கள். எண்ணாகமம் முதல் அதிகாரத்துக் குடிமதிப்பில் வரும் 6,03,550 பேர் என்ற தொகை இந்த முறையில் வந்ததே. லேவியர் மூன்றாம் அதிகாரத்தில் தனியாக எண்ணப்பட்டு 22,000 ஆகிறார்கள். வம்சத்தையோ தேவசந்நிதியில் நிற்கும் உரிமையையோ சொல்லும் இடங்களில் லேவி உள்ளே வருகிறான். யோசேப்பு மறுபடியும் ஒரே பெயராகிவிடுகிறான்.

இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே அதிகாரத்தில் அருகருகே காண விரும்பினால் எசேக்கியேல் 48-ஐப் படியுங்கள். அதன் முற்பகுதியில் தேசம் வடக்கிலிருந்து தெற்காகப் பட்டைபட்டையாகப் பங்கிடப்படும்போது மனாசேக்கு ஒரு பங்கு, எப்பிராயீமுக்கு ஒரு பங்கு. லேவிக்குக் கோத்திரப் பங்கு இல்லை, நடுவிலுள்ள பரிசுத்த நிலத்தில் மட்டுமே இடம். அதே அதிகாரத்தின் முடிவில் நகரத்தின் பன்னிரண்டு வாசல்களுக்குப் பெயரிடப்படுகிறது. அங்கே லேவிக்கு ஒரு வாசல், யோசேப்புக்கு ஒரே வாசல். சில வசன இடைவெளியில் பெயர்கள் மாறிவிட்டன; எண் மாறவில்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று இதைக் கொள்ள முடியாது. பன்னிரண்டு என்பது முழுமையான இஸ்ரவேலைக் குறிக்கும் வடிவம். அந்த வடிவத்தை எந்தப் பெயர்களால் நிரப்புவது என்பதைச் சொல்லப்படும் காரியமே தீர்மானிக்கிறது. கோத்திரங்களைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தாமே அவிழ்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

மோசேயின் ஆசீர்வாதமாகிய உபாகமம் 33-இல் சிமியோனின் பெயரே இல்லை என்பதையும் ஒருவர் குறிப்பிட்டிருந்தார். அதற்கான பதில் கீழே லேவியைப் பற்றிய கேள்வியோடு வருகிறது.

கேள்வி: "கோத்திரம்" என்பதற்கு எபிரெயத்தில் உள்ள மூலச்சொல் என்ன?

பதில்: இரண்டு சொற்கள் உண்டு: ஷேவெத், மத்தே. இரண்டுக்கும் முதற்பொருள் கோல் என்பதுதான். தலைவன் கையில் பிடித்திருக்கும் கோல், அவன் பின்னே நிற்கும் கூட்டத்துக்குப் பெயராகிவிட்டது. யூதாவை விட்டுச் செங்கோல் நீங்காது என்று ஆதியாகமம் 49-இல் நாம் படிக்கும் இடத்திலுள்ள சொல் ஷேவெத். அதே அதிகாரத்தில் தாணைப் பற்றிச் சொல்லும்போது இஸ்ரவேலின் கோத்திரங்கள் என்று வருவதும் அதே சொல்லின் பன்மைதான். எண்ணாகமம் 17-இல் ஒவ்வொரு கோத்திரத் தலைவனிடமும் ஒரு கோலை வாங்கி, அதில் பெயரெழுதி, சாட்சியின் கூடாரத்தில் வைக்கிறார்கள். லேவியின் கோலாகிய ஆரோனுடைய கோல் மட்டும் மறுநாள் துளிர்த்துப் பூத்து வாதுமைப் பழம் கொடுக்கிறது. எபிரெயத்தில் படிப்பவருக்கு அங்கே கோலும் கோத்திரமும் ஒரே சொல். அந்த நயம் தமிழில் மறைந்துபோகிறது.

கேள்வி: லேவி கோத்திரத்துக்கு நிலம் கொடுக்கப்படாதது தண்டனையா, மேன்மையா? இரண்டு விதமாகவும் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன்.

பதில்: இரண்டு விதமாகவும் நீங்கள் கேட்டதற்குக் காரணம், வேதாகமமே இரண்டையும் சொல்வதுதான். தங்கள் சகோதரி தீனாளின் பொருட்டு சிமியோனும் லேவியும் சீகேம் பட்டணத்தின் ஆண்மக்கள் அனைவரையும் வெட்டிப்போட்டார்கள். அதை யாக்கோபு கடைசிவரை மறக்கவில்லை. அவர்களுடைய கோபத்தைச் சபித்து, அவர்களை யாக்கோபிலே பிரித்து இஸ்ரவேலிலே சிதறப்பண்ணுவேன் என்று சொல்லித்தான் கண்மூடினார். சாபம் இருவருக்கும் ஒன்றுதான். அது நிறைவேறிய விதமோ முற்றிலும் வேறு.

சிமியோன் கரைந்துபோனான். வனாந்தரத்தின் தொடக்கத்தில் 59,300 பேராக இருந்த அந்தக் கோத்திரம், எண்ணாகமம் 26-இன் இரண்டாம் குடிமதிப்பில் 22,200 ஆகக் குறைந்துவிட்டது. எல்லாக் கோத்திரங்களிலும் அதுவே மிகச் சிறியது. யோசுவா 19-இல் அதற்கென்று தனி எல்லை வரையப்படவில்லை. யூதாவின் பங்கு மிஞ்சியிருந்ததால் அதன் நடுவே சில ஊர்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. மோசேயின் ஆசீர்வாதத்தில் சிமியோன் விடுபட்டதை, இந்தக் கரைவின் அடையாளமாகவே பலர் வாசிக்கிறார்கள்; எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

லேவியும் சிதறினான், ஆனால் விதையைப் போலச் சிதறினான். பொற்கன்றுக்குட்டி விவகாரத்தில் கர்த்தருடைய பட்சத்தில் இருக்கிறவர்கள் யார் என்று மோசே பாளயத்தின் வாசலில் நின்று கேட்டபோது, திரண்டு வந்தவர்கள் லேவியின் புத்திரர். அன்று ஏறக்குறைய 3,000 பேர் விழுந்தார்கள் என்கிறது யாத்திராகமம் 32. சீகேமில் தங்கள் சொந்த ஆத்திரத்துக்காக உருவிய பட்டயத்தை இங்கே வேறொரு காரணத்துக்காக உருவினார்கள் என்று இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் பார்க்கும் விளக்கங்கள் உண்டு. இன்றைய வாசகருக்கு இரண்டாவது நிகழ்ச்சியும் எளிதில் செரிக்கக்கூடியது அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதன்பின் அந்தக் கோத்திரம் ஆசரிப்புக்கூடாரத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது என்பதே வேதத்தின் வரலாறு.

எகிப்தில் தலைப்பிள்ளைகள் காப்பாற்றப்பட்டதற்கு ஈடாக இஸ்ரவேலின் முதற்பேறானவர்கள் எல்லாரும் கர்த்தருக்குரியவர்கள்; அவர்களுக்குப் பதிலாக லேவியர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது முதற்பேறானவர்கள் 22,273 பேர், லேவியர் 22,000 பேர். மிஞ்சிய 273 பேருக்குத் தலைக்கு ஐந்து சேக்கல் வீதம் 1,365 சேக்கல் வெள்ளி வாங்கப்பட்டு ஆரோனிடம் கொடுக்கப்பட்டது. ஓர் ஆளுக்கு ஓர் ஆள் என்று இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்த்திருப்பதை நான் வியப்போடு வாசிப்பதுண்டு.

நிலத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தவை தசமபாகமும், யோசுவா 21 சொல்லும் 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றிய வெளிநிலங்களும். அவற்றில் 13 பட்டணங்கள் ஆரோனின் வம்சத்தாருக்கு. 48-இல் ஆறு அடைக்கலப் பட்டணங்கள். நானே உன் பங்கும் உன் சுதந்தரமுமாயிருக்கிறேன் என்று ஆரோனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை மேன்மையானதுதான், ஐயமில்லை. ஆனால் நிலமில்லாதவன் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும். அதனால்தான் உபாகமம் லேவியனை அந்நியன், திக்கற்றவன், விதவை ஆகியோரோடு சேர்த்தே எண்ணி, அவனைக் கைவிடாதே என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை தேவைப்பட்டதற்குச் சான்று நியாயாதிபதிகள் 17-இல் உண்டு: பெத்லெகேமிலிருந்து தங்க இடம் தேடிப் புறப்பட்ட ஒரு லேவியன், மீகா என்பவனுடைய வீட்டில் ஆண்டுக்குப் பத்து வெள்ளிக்காசும் உடையும் உணவும் பேசிக்கொண்டு, விக்கிரகத்துக்கு ஆசாரியனாக அமர்கிறான். பின்பு தாண் கோத்திரத்தார் அதிகச் சம்பளம் இல்லாவிட்டாலும் அதிக மதிப்பைக் காட்டி அழைத்ததும் அவன் மனமகிழ்ந்து அவர்களோடு போய்விடுகிறான்.

கேள்வி: செலொப்பியாத்தின் குமாரத்திகள் நிலம் கேட்டது பெண்களுக்கான சொத்துரிமை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளலாம், ஆனால் பாதியளவுக்கு. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவரும் மனாசே கோத்திரத்தார். தகப்பன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தான் என்பதற்காக அவன் பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று மோசேயையும் ஆசாரியனாகிய எலெயாசாரையும் பிரபுக்களையும் சபை முழுவதையும் நோக்கிக் கேட்டார்கள். அவர்கள் சொல்வது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. இது எண்ணாகமம் 27. ஒன்பது அதிகாரங்கள் கழித்து அதே கோத்திரத்தின் பெரியவர்கள் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் அவர்களோடு போய்விடுமே என்பது அவர்களுடைய முறையீடு. அதுவும் நியாயம் என்று தீர்ப்பாகிறது. ஐவரும் தங்கள் தகப்பனுடைய சகோதரரின் குமாரரை மணக்கிறார்கள். உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. நிலம் கோத்திரத்தின் கையை விட்டுப் போகவில்லை. ஒரே கோத்திரத்துக்குள் மணம் கூடாது என்ற பொருளைத் தன்னோடு கொண்டுவரும் "கோத்திரம்" என்னும் சொல்லைக் கொண்டு இதைப் படிக்கும்போது இங்கே சற்றுத் தடுமாற நேரும். நிலமுள்ள பெண்ணைப் பொறுத்தவரை இஸ்ரவேலின் வழக்கம் நேர் எதிரானது.

ஒரு கூடுதல் செய்தி. 1910-ஆம் ஆண்டு வடக்கு இஸ்ரவேல் அரசின் தலைநகராயிருந்த பழைய சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் நடந்த அகழாய்வில், திராட்சரசமும் எண்ணெயும் எந்தெந்த வட்டாரத்திலிருந்து வந்தன என்று மையால் எழுதப்பட்ட ஓட்டுத்துண்டுகள் கிடைத்தன. அவை கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ள வட்டாரப் பெயர்களில் நோவாளும் ஒக்லாளும் இருக்கின்றன! மனாசேயின் மற்றக் குடும்பங்களான அபியேசர், ஏலேக், செமீதா முதலிய பெயர்களும் உண்டு. வனாந்தரத்தில் நிலம் கேட்ட பெண்களின் பெயர்கள், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வரிக்கணக்கில் நிலத்தின் பெயர்களாக நிற்கின்றன. பெயர் முதலில் பெண்ணுக்கு இருந்து நிலத்துக்கு வந்ததா, நிலத்திலிருந்து வம்ச வரலாற்றுக்குள் போனதா என்பது ஆய்வாளர் விவாதிக்கும் பொருள். எப்படியானாலும் அந்த அட்டவணைகள் வெறும் கற்பனைப் பெயர்களின் வரிசை அல்ல என்பதற்கு இந்த ஓடுகள் நல்ல சாட்சி.

கேள்வி: வேதாகமத்துக்கு வெளியே இந்தக் கோத்திரங்களைப் பற்றிய சான்று ஏதாவது உண்டா?

பதில்: மேலே சொன்ன ஓடுகளைத் தவிர இரண்டு கல்வெட்டுகளைச் சொல்லலாம். 1896-இல் எகிப்தின் தீப்ஸில் கிடைத்த மெர்னெப்தா மன்னனின் கல்வெட்டு ஏறக்குறைய கி.மு. 1208-ஐச் சேர்ந்தது; கானான் பகுதியில் தான் வென்றவர்களின் வரிசையில் அவன் இஸ்ரவேலின் பெயரைப் பொறித்திருக்கிறான். அந்தப் பெயரோடு வரும் குறி நாட்டைக் குறிப்பதல்ல, மக்கள் கூட்டத்தைக் குறிப்பது. தனிக் கோத்திரங்களின் பெயர் அதில் இல்லை. 1868-இல் இன்றைய யோர்தான் நாட்டிலுள்ள தீபோனில் கிடைத்த மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு கி.மு. 9-ஆம் நூற்றாண்டுக்குரியது. காத் மனிதர் அதரோத் நாட்டில் தொன்றுதொட்டுக் குடியிருந்தார்கள் என்று அவன் எழுதி வைத்திருக்கிறான். அதரோத்தைக் கட்டியவர்கள் காத் புத்திரர் என்கிறது எண்ணாகமம் 32. பகைவனின் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

வேதாகமத்துக்கு உள்ளேயே மிகப் பழைய சான்று எது என்று கேட்டால், நியாயாதிபதிகள் 5-ஆம் அதிகாரத்துத் தெபோராளின் பாட்டை ஆய்வாளர் பலர் காட்டுவார்கள். கானானியப் படைத்தலைவன் சிசெராவுக்கு எதிரான போருக்கு வந்தவர்களை அது வாழ்த்துகிறது, வராதவர்களை இடித்துரைக்கிறது. எப்பிராயீம், பென்யமீன், மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி ஆகியோர் வந்தார்கள். ரூபன் தொழுவங்களின் நடுவே உட்கார்ந்து ஆலோசித்துக்கொண்டே இருந்துவிட்டான். கீலேயாத் யோர்தானுக்கு அப்பால் தங்கிவிட்டான். தாண் கப்பல்களில் இருந்தான். ஆசேர் கடற்கரையை விட்டு நகரவில்லை. இங்கே வருவன பத்துப் பெயர்களே. யூதா, சிமியோன், லேவி ஆகிய மூவரின் பெயரும் இல்லை. வராததற்காக அவர்கள் கண்டிக்கப்படவும் இல்லை. மனாசேயின் இடத்தில் மாகீரும், காத்தின் இடத்தில் கீலேயாத்தும் நிற்கின்றன. பன்னிரண்டு என்ற வடிவம் இறுகுவதற்கு முந்திய நிலையை இந்தப் பாட்டு காட்டுகிறது என்று கருதுவோர் உண்டு. 1930-இல் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் நோத், கிரேக்கத்தின் கோயில் கூட்டணிகளைப் போல, ஒரு பொதுவான வழிபாட்டிடத்தைச் சுற்றி இணைந்த பன்னிரு குலக் கூட்டணியே பண்டைய இஸ்ரவேல் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். நாற்பது ஆண்டுகள் போல அது கோலோச்சியது. பின்னர், அப்படி ஒரே மையம் இருந்ததற்கு நியாயாதிபதிகள் புத்தகத்தில் போதிய ஆதாரம் இல்லை என்று பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள்.

கேள்வி: அழிவின் விளிம்புக்குப் போன பென்யமீனிலிருந்து முதல் அரசன் தெரிந்துகொள்ளப்பட்டது ஏன்?

பதில்: ஏன் என்பதற்கு நேரான பதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் நியாயாதிபதிகளின் கடைசி மூன்று அதிகாரங்களையும் 1 சாமுவேலின் சவுல் வரலாற்றையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழுவதைக் காணலாம்.

கிபியாவில் ஒரு லேவியனுடைய மறுமனையாட்டி கொடுமைப்படுத்தப்பட்டு இறக்கிறாள். அவன் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டுகளாக்கி இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான். குற்றவாளிகளை ஒப்புவிக்க மறுத்த பென்யமீனோடு மற்றக் கோத்திரங்கள் போர் செய்கின்றன. (வலது கையின் மகன் என்று பொருள்படும் பெயருடைய இந்தக் கோத்திரத்தில் மயிரிழையும் தப்பாமல் கவண் எறியும் இடதுகைக்காரர் 700 பேர் இருந்தார்கள் என்று ஆசிரியர் சொல்வதும், முன்பு மோவாபின் அரசனைக் கொன்ற ஏகூத்தும் இடதுகைப் பென்யமீனனே என்பதும் தற்செயலாக எழுதப்பட்டவையாக எனக்குத் தோன்றவில்லை.) முடிவில் ரிம்மோன் கன்மலையில் ஒளிந்த 600 ஆண்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

அப்போதுதான் வென்றவர்கள் அழுகிறார்கள்: இஸ்ரவேலில் ஒரு கோத்திரம் குறைந்துபோயிற்றே! தாங்களே கொன்று தீர்த்துவிட்டு எண்ணிக்கை குறைந்ததற்காக அழுதார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? தங்கள் பெண்களைப் பென்யமீனுக்குக் கொடுப்பதில்லை என்று ஆணையிட்டிருந்ததால், சபைக்கு வராத கீலேயாத்திலுள்ள யாபேஸை அழித்து அங்கிருந்து 400 கன்னிப்பெண்களைக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல் சீலோவின் பண்டிகையில் நடனமாடிய பெண்களைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒரு கொடுமைக்கு நியாயம் தேடப் புறப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கொடுமை செய்து முடித்தார்கள். அந்நாட்களில் இஸ்ரவேலில் ராஜா இல்லை, அவனவன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான் என்று அந்தப் புத்தகம் முடிகிறது. இந்த வரிக்கு முன்னால் வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி 1 சாமுவேல் 11. யாபேஸ் பட்டணம் அம்மோனியரால் முற்றுகையிடப்படுகிறது. தூதர்கள் வந்து சேரும் இடம் கிபியா. அங்கே வயலிலிருந்து மாடுகளோடு வந்துகொண்டிருந்த சவுல், ஓர் இணைமாட்டைத் துண்டித்து, அந்தத் துண்டுகளை இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்பிப் படை திரட்டி, யாபேஸை மீட்கிறான். அதே ஊர், அதே யாபேஸ், அதே விதமான செய்தி. ஆனால் இம்முறை அழிப்பதற்காக அல்ல, காப்பதற்காக. யாபேஸின் பெண்கள் பென்யமீனருக்கு மனைவிகளானார்கள் என்பதை நினைத்தால், சவுலின் முன்னோரில் ஒருத்தி அந்த ஊர்க்காரியாக இருந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். இது என் ஊகம், வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிற்பாடு பெலிஸ்தர் சவுலின் உடலைப் பெத்சானின் அலங்கத்தில் தொங்கவிட்டபோது, இரவெல்லாம் நடந்து சென்று அதை இறக்கி அடக்கம் செய்தவர்கள் யாபேஸின் மனிதர் என்று வேதமே சொல்கிறது.

கேள்வி: அகியா தீர்க்கதரிசி தன் புதுச்சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்தை யெரொபெயாமுக்குக் கொடுத்துவிட்டு, சாலொமோனின் மகனுக்கு ஒரு கோத்திரம் இருக்கும் என்கிறார். பத்தும் ஒன்றும் பதினொன்றுதானே? மீதமான ஒரு துண்டு எங்கே?

பதில்: சாலொமோனுக்குப் பின் நாடு யெரொபெயாமின் வடக்கு அரசு, சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் யூதா என இரண்டாக உடைவதற்கு முன்னறிவிப்பு இது. கூர்ந்து வாசித்திருக்கிறீர்கள், பண்டைய மொழிபெயர்ப்பாளரையும் இந்த இடம் உறுத்தியிருக்கிறது. எபிரெய மூலத்தில் ஒன்று என்று உள்ள இடத்தில் செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு இரண்டு என்று படிக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே எபிரெய மூலமும் ஊசலாடுகிறது: யூதா கோத்திரத்தைத் தவிர வேறொருவரும் தாவீதின் வம்சத்தைப் பின்பற்றவில்லை என்று 1 இராஜாக்கள் 12:20 சொல்கிறது, அடுத்த வசனத்தில் ரெகொபெயாம் யூதாவையும் பென்யமீனையும் போருக்குக் கூட்டுகிறான்.

பென்யமீன் யூதாவோடு சேர்ந்ததாலோ, அரசவம்சத்தின் சொந்தக் கோத்திரமாகிய யூதாவை எண்ணாமல் விட்டதாலோ ஒன்று என்று வந்தது என்பது வழக்கமான விளக்கம். அது தவறல்ல; ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்தாது. பெத்தேல் பென்யமீனின் பங்கில் வரும் ஊர் என்று யோசுவா 18 பட்டியலிடுகிறது. அங்கேதான் யெரொபெயாம் தான் செய்த இரண்டு பொற்கன்றுக்குட்டிகளில் ஒன்றை நிறுத்தினான். ஆகப் பென்யமீனே இரண்டாகப் பிளந்து நின்றது. சிமியோனின் ஊர்களோ யூதாவுக்குத் தெற்கே உள்ளவை. அவை வடக்கு அரசோடு சேர வழியே இல்லை.

இதற்கு விடை கூட்டல் கணக்கில் இல்லை என்றே நினைக்கிறேன். தாவீதின் காலத்திலேயே, அப்சலோமின் கலகத்துக்குப் பின் யூதா மனிதரோடு வாதாடிய வடக்கத்தியார், ராஜாவினிடத்தில் எங்களுக்குப் பத்துப் பங்கு உண்டு என்று சொன்னதை 2 சாமுவேல் 19-இன் கடைசி வசனத்தில் காண்கிறோம். பத்து என்பது அப்போதே வடக்கத்தியாரின் அரசியல் முழக்கம். அந்தப் பிளவுக்கு வம்சத்தைவிட வரியும் ஊழியமும் முக்கியமான காரணங்கள். சாலொமோன் தன் அரண்மனைக்கு மாதத்துக்கு ஒருவர் வீதம் உணவு அனுப்ப நாட்டைப் பன்னிரண்டு மணியகாரர் பொறுப்பில் பிரித்தபோது, அந்தப் பிரிவுகளில் பல பழைய கோத்திர எல்லைகளைப் பின்பற்றவில்லை. கட்டாய வேலைக்கு யோசேப்பு வம்சத்தாரின்மேல் விசாரிப்புக்காரனாக வைக்கப்பட்டவனே இந்த யெரொபெயாம், அவனும் எப்பிராயீமன். சீகேமில் கூடிய ஜனங்கள் ரெகொபெயாமிடம் கேட்டதெல்லாம் நுகத்தை இலகுவாக்கும்படிதான்.

நாடு உடைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பு, வடக்கு அரசின் கர்மேல் மலையில் எலியா பலிபீடத்தைச் செப்பனிடுகிறார். எத்தனை கற்கள்? யாக்கோபின் குமாரரின் எண்ணிக்கைப்படி பன்னிரண்டு. பத்து அல்ல.

கேள்வி: காணாமற்போன பத்துக் கோத்திரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

பதில்: முதலில் அவை எந்த அளவுக்குக் காணாமற்போயின என்று கேட்க வேண்டும். கி.மு. 733–732-இல் அசீரியாவின் மூன்றாம் திக்லாத்பிலேசர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பிடித்து மக்களைச் சிறைகொண்டு போனான். ஏறக்குறைய 722-இல் சமாரியா வீழ்ந்தது. ஆலா, ஆபோர், கோசான் நதியோரம், மேதியரின் பட்டணங்கள் ஆகிய இடங்களில் ஜனங்கள் குடியேற்றப்பட்டதாக 2 இராஜாக்கள் 17 கூறுகிறது. அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் தான் கொண்டுபோனவர்கள் 27,290 பேர் என்கிறான். பெரிய தொகைதான், ஆனால் ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் அதில் அடங்க மாட்டார்கள். பலர் ஊரிலேயே தங்கினார்கள். பலர் தெற்கே ஓடிவந்தார்கள். அந்த நூற்றாண்டின் முடிவில் எருசலேம் மேற்குக் குன்றின்மேல் வேகமாக விரிந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. யூதாவின் அரசன் எசேக்கியா ஆசரித்த பஸ்கா பண்டிகைக்கு ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரங்களிலிருந்து சிலர் வந்தார்கள் என்கிறது 2 நாளாகமம் 30. சமாரியர்கள் இன்றுவரை தங்களை எப்பிராயீம், மனாசே வம்சத்தார் என்றே சொல்கிறார்கள்.

கொண்டுபோகப்பட்டவர்கள் அங்குள்ள மக்களோடு கலந்துவிட்டார்கள் என்பதே பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. ஆனால் மனித மனம் அந்த முடிவோடு நிற்கவில்லை. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ், பத்துக் கோத்திரங்கள் ஐபிராத்து நதிக்கு அப்பால் எண்ணற்ற திரளாக இருக்கின்றன என்று எழுதினார். அவர்கள் திரும்பி வருவார்களா என்பதில் ரபீ அகிபாவும் ரபீ எலியேசரும் எதிரெதிராகக் கருத்துச் சொன்னதை மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. அகிபா வரமாட்டார்கள் என்றார். ஓய்வுநாளில் மட்டும் ஓடாமல் நிற்கும் சம்பாத்தியோன் நதிக்கு அப்பால் அவர்கள் வாழ்கிறார்கள் என்ற கதை பல நூற்றாண்டுகள் பரவியிருந்தது. இப்படிப்பட்ட மரபுகளில் சில சட்டத்திலும் இடம்பெற்றன: எத்தியோப்பிய யூதர்கள் தாண் கோத்திரத்தார் என்ற பழைய கருத்தை ஏற்று, 1973-இல் இஸ்ரேலின் தலைமை ரபீ ஓவதியா யோசேப் அவர்களை யூதர் என்று அறிவித்தார். ஆனால் ஒவ்வொரு கண்டத்திலும் ஏதாவது ஓர் இனத்தைப் பிடித்து, ஒலி ஒற்றுமையுள்ள இரண்டு சொற்களைக் காட்டி, இதோ காணாமற்போனவர்கள் என்று எழுதும் நூல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் பத்துக் கோத்திரங்கள் அழிந்துபோனதாகப் பேசவில்லை. அங்கே வரும் யாக்கோபு என்ற வேறொருவர் தன் நிருபத்தைச் சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் எழுதுகிறார். தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட முதியவள் அன்னாள், லூக்கா எழுதியபடி, ஆசேர் கோத்திரத்தாள். அதுவோ வடக்குக் கோத்திரங்களில் ஒன்று.

கேள்வி: வெளிப்படுத்தின விசேஷம் 7-இல் முத்திரையிடப்பட்ட 1,44,000 பேரில் தாண் கோத்திரம் இல்லை. அந்திக்கிறிஸ்து தாணிலிருந்து வருவான் என்பது உண்மையா?

பதில்: அப்படிச் சொல்லும் வசனம் வேதாகமத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் திருச்சபை ஆசிரியர் இரேனியுஸ், தாணிலிருந்து அவனுடைய குதிரைகளின் மூச்சிரைப்புக் கேட்கப்படுகிறது என்ற எரேமியா 8:16-ஐ இந்தப் பட்டியலோடு இணைத்து அவ்விதம் விளக்கினார். அதன்பின் அது மரபாகிவிட்டது. எரேமியா சொன்னதோ வடக்கு எல்லையிலிருந்து வரும் படையெடுப்பைப் பற்றி. தாண் அங்கே எல்லை ஊர்.

அந்தப் பட்டியலே வழக்கத்துக்கு மாறானது. ரூபனுக்கு முன்னால் யூதா வருகிறான், லேவி எண்ணப்படுகிறான், மனாசே தனியாகவும் யோசேப்பு தனியாகவும் வருகிறார்கள், எப்பிராயீமின் பெயரும் இல்லை. பன்னிரண்டு என்ற இடம் நிரம்பிவிட்டதால் யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டும். தாணுடைய பெயரோடு விக்கிரக ஆராதனை ஒட்டிக்கொண்டிருந்ததால் விடுபட்டது தாண் என்று கொள்வது பொருத்தமே: மீகாவின் விக்கிரகத்தைப் பறித்துக்கொண்டு போய் லாயீஸில் நிறுத்தினவர்கள் அவர்களே, யெரொபெயாமின் இன்னொரு கன்றுக்குட்டி நின்றதும் அங்கேதான். 1 நாளாகமத்தின் வம்ச வரலாறுகளிலும் தாணுக்கென்று பெயர் சொல்லித் தனிப்பகுதி கிடையாது. ஆனால் அங்கே செபுலோனுக்கும் கிடையாது, செபுலோனை யாரும் சந்தேகிப்பதில்லை.

விடுபட்டதைத் தள்ளப்பட்டதாக வாசிக்கிறவர்கள் எசேக்கியேலின் கடைசி அதிகாரத்தையும் திறந்து பார்க்க வேண்டும். புதிதாகப் பங்கிடப்படும் தேசத்தில் முதல் பங்கு தாணுக்குரியது. நகரத்தின் கிழக்கு வாசல்கள் மூன்றில் ஒன்றின் பெயரும் தாண்.